உடுவில்: ஒரு விடுதிப் பாடசாலையின் ஜெப வாழ்க்கை

யாழ்ப்பாணத்தில் பெண் கல்வி என்று பேச்செடுத்தால் உடுவில் என்ற பெயர் வராமல் போகாது. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே ஆரம்பித்த பெண்கள் விடுதிப் பாடசாலை ஆசியாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. 2024இல் அதற்கு இருநூறு வயது நிறைந்தது. "பெண்களுக்கு எழுத்தறிவித்த பாடசாலை" என்றுதான் எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள். புகழட்டும், உண்மைதானே. ஆனால் அதைத் தொடங்கியவர்களிடமே "எதற்காகத் தொடங்கினீர்கள்?" என்று கேட்டிருந்தால் எழுத்தறிவு இரண்டாவது விடையாகத்தான் வந்திருக்கும். முதல் விடை ஜெபம்!

பாடசாலையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதன் நடுவில் இருந்த ஜெப வாழ்க்கையை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கிறிஸ்தவர்கள் அதைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். மற்றவர்கள் "மதம் மாற்றினார்கள்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் படிப்பது வணிகவியல், சமயம் என் பாடமல்ல. ஆனால் ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற கண்ணோடு இதைப் பார்த்தால் இந்த இரண்டு பார்வைகளிலும் அகப்படாத ஒன்று தெரிகிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. பொஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கத்தின் ஆட்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் குடியேறினார்கள். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பயன்படுத்தி, பிறகு கூரையிழந்து கிடந்த பழைய தேவாலயங்களை ஆங்கில அரசாங்கம் இவர்களுக்குக் கொடுத்தது. உடுவிலும் அப்படிப்பட்ட ஒரு பழைய கோவிற்பற்று. 1820இல் மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவி ஹரியற் வின்ஸ்லோவும் அங்கே வந்து சேர்ந்தார்கள். (மைரன் வின்ஸ்லோவைத் தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1862இல் சென்னையில் வெளிவந்த பெரிய தமிழ் - ஆங்கில அகராதி அவருடையதுதான்.)

அதே 1820இல் தேசாதிபதி பார்ன்ஸ் இனிமேல் புதிதாக எந்த அமெரிக்க மிஷனரியும் இலங்கைக்கு வரக்கூடாது என்று தடை போட்டார். 1833 வரை அந்தத் தடை நீடித்தது. இருக்கிற ஆட்களை வைத்துத்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற நிலை. இதன் பலன் என்ன தெரியுமா? மிஷனரிமாரின் மனைவிமார் கைக்கு வேலை வந்தது. மிஷன் அறிக்கைகளில் அவர்கள் "உதவி மிஷனரிகள்" என்றுதான் குறிக்கப்பட்டார்கள். ஆனால் உடுவில் பாடசாலையை நடத்தியது ஹரியற் வின்ஸ்லோதான்.

ஏன் பெண்களுக்கு விடுதி? 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கு உயர்தரச் செமினறி ஒன்றை ஆரம்பித்தார்கள். அங்கே படித்துக் கிறிஸ்தவனான இளைஞன் ஊருக்குத் திரும்பிச் சைவக் குடும்பத்தில் கல்யாணம் செய்தால், அடுத்த தலைமுறையில் கிறிஸ்தவம் அந்த வீட்டில் இருக்காது. ஆகையால் அவனுக்கு ஒரு கிறிஸ்தவ மனைவி தேவை. அந்த மனைவியை உருவாக்க ஒரு பாடசாலை தேவை. இதை மறைக்காமல் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வணிகவியல் பாஷையில் சொன்னால் வட்டுக்கோட்டை பிரதான தொழிற்சாலை, உடுவில் அதற்குத் துணைத் தொழிற்சாலை! கேட்க நன்றாயில்லைதான். ஆனால் தொடக்கத் திட்டம் அதுதான்.

பிள்ளைகளைச் சேர்ப்பது லேசாக இருக்கவில்லை. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் என்றால் கோயில் தேவதாசிகள்தான் என்று மிஷனரிமார் எழுதினார்கள். அதனாலேயே நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குப் படிப்பு ஒரு மானக்கேடு. அதைவிடப் பெரிய சிக்கல் சாப்பாடு. பிற இனத்தார் வளவில் சமைத்ததை ஒரு வெள்ளாளப் பிள்ளை சாப்பிட்டால் சாதி கெட்டுவிடும். தையல் பார்க்க வந்த இரண்டு சிறுமிகள் ஒரு மழை இரவில் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் மிஷன் வீட்டில் தங்கிவிட்டார்கள், அவர்களிலிருந்துதான் விடுதி பிறந்தது என்று ஒரு கதையைப் பாடசாலை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கதை எவ்வளவு தூரம் நடந்தபடியே சொல்லப்படுகிறதோ, ஆனால் அதில் உள்ள பயம் உண்மையானது. ஒரு இரவு, ஒரு வேளைச் சோறு - அவ்வளவுதான் எல்லைக்கோடு.

அந்தக் கோட்டைத் தாண்ட மிஷன் சில சலுகைகளை வைத்தது. உணவு, உடை, படிப்பு எல்லாம் இலவசம். படிப்பு முடியும் வரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகமாட்டோம் என்று பெற்றோரிடம் உடன்பாடு. படிப்பை முடித்து மிஷனின் சம்மதத்தோடு கல்யாணம் செய்யும் பெண்ணுக்கு ஒரு சிறு தொகை சீதனம்! யாழ்ப்பாணத்தைப் புரிந்துகொண்டவர்கள்தான் இந்த யோசனையைச் செய்திருக்க முடியும். பெண் பிள்ளை என்றால் தகப்பனுக்கு முதலில் நினைவு வருவது சீதனம். அதையே மிஷன் தருகிறது என்றால் யோசிக்கத்தானே செய்வான்? பிற்காலத்தில் இந்தச் சீதன முறை நிறுத்தப்பட்டது. நிறுத்திய பிறகும் பிள்ளைகள் வந்தார்கள், கட்டணம் கட்டியும் வந்தார்கள்.

இன்னொன்று பெயர். ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒரு சபையோ ஒரு குடும்பமோ வருடாவருடம் அனுப்பும். அனுப்புகிறவர்கள் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்கு வைக்கப்படும். பல வேளைகளில் அது அவர்களுடைய பாதிரியாரின் அல்லது உறவினரின் பெயர். 1841இல் தொடங்கிய "உதயதாரகை" பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று வாசித்தபோது வெள்ளைக்காரர்கள் என்றுதான் நினைப்பீர்கள். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்! வட்டுக்கோட்டையில் படித்த ஆண்களில் சிலர் அந்தப் பெயரை ஒரு பாதியாக வைத்துக்கொண்டு மறு பாதியில் தங்கள் தமிழ்ப் பெயரை மீட்டுக்கொண்டார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று. உடுவில் பெண்களுக்கும் அப்படியே அமெரிக்கப் பெயர்கள் கிடைத்தன. ஆனால் அவர்கள் புத்தகம் எழுதவில்லை, பத்திரிகை நடத்தவில்லை. ஆகவே அந்தப் பெயர்கள் சபைப் பதிவேட்டிலும் கல்லறையிலும் மட்டும் நின்றுவிட்டன.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் "காசு கொடுத்து வாங்கினார்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

விடுதியில் ஒரு நாள் ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிந்தது. காலையிலும் மாலையிலும் எல்லோரும் கூடி வேதாகமம் வாசித்து ஜெபிப்பார்கள். இடையில் தமிழ் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூமிசாஸ்திரம், தையல். வேதாகமப் பகுதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். சாப்பாடும் பழக்கவழக்கமும் பெரும்பாலும் ஊர் முறைப்படியே. ஜெபம் தமிழில். இது முக்கியம். ஆங்கிலம் தெரியாமலே ஒரு பிள்ளை இந்த வாழ்க்கைக்குள் முழுதாக நுழைய முடிந்தது. திண்டுக்கல்லில் இருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் 1853இல் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அந்த மதுரை மிஷனே 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் தொடங்கியதுதான். வெள்ளைக்கார ராகத்தில் மொழிபெயர்ப்புப் பாட்டே பெரும்பாலும் இருந்த தமிழ்க் கிறிஸ்தவ வழிபாடுகளில் கர்நாடக ராகமும் கேட்கத் தொடங்கிய காலம் அது.

இந்தத் தினசரி ஒழுங்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இந்த மிஷனரிமாரில் பெரும்பாலானோர் கொங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஒழுங்கில், கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தால் மட்டும் போதாது. பாடசாலையில் படித்தாலும் போதாது. சபையில் முழு அங்கத்தவராகி இராப்போசனத்தில் பங்கு பெற வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தன் விசுவாசத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பார்கள். சரியில்லை என்று பட்டால் "இன்னும் காத்திரு" என்று அனுப்பிவிடுவார்கள். நியூ இங்கிலாந்துக் கிராமத்தில் இது ஒரு சாதாரண வழக்கம். அதையே அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உடுவிலில் வைத்தார்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று யோசியுங்கள். அவளுக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருக்கலாம். யாரைக் கல்யாணம் செய்வாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை. எந்த நகை, எந்தச் சேலை என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து "நீ என்ன நம்புகிறாய்? ஏன் நம்புகிறாய்?" என்று கேட்கிறார்கள். தகப்பனுடைய பதில் செல்லாது, அண்ணனுடைய பதில் செல்லாது. அவளுடைய பதில்தான் வேண்டும். "ஆம்" என்று சொன்னால் பேசி வைத்த சைவ மச்சான் கைவிட்டுப் போவான், ஊரில் திருவிழாவுக்குப் போக முடியாது, சில வீடுகளில் படியேறவும் முடியாது. "இல்லை" என்று சொன்னால் அன்போடு வளர்த்த அம்மாவின் முகம் வாடும்.

அந்தக் கேள்வி சுதந்திரமாகக் கேட்கப்பட்டதா? முழுவதும் இல்லை. சோறு, உடை, சீதனம் எல்லாம் ஒரு பக்கம் தட்டில் இருக்கின்றன. ஆனாலும் கேள்வி கேட்கப்பட்டது. அந்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் அவளுடைய சொந்த மனதை ஒரு அமைப்பு கேட்டு, அவள் சொன்ன பதிலைப் பதிவேட்டில் எழுதிய இடம் வேறு எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனைவிமாரைத் தயாரிக்கத் தொடங்கிய இடத்தில் இது நடந்தது என்பதுதான் விசேஷம். திட்டம் போட்டவர்கள் இதை ஒரு பெண் விடுதலை வேலையாக நினைக்கவேயில்லை. அவர்களுக்கு அது சபை ஒழுங்கு, அவ்வளவுதான்.

பாடசாலை தொடங்கிய அதே 1824இல் தெல்லிப்பழையில் ஆரம்பித்து மற்ற மிஷன் நிலையங்களுக்கும் ஒரு "எழுப்புதல்" பரவியது. பிள்ளைகள் அழுதார்கள், இரவெல்லாம் ஜெபித்தார்கள் என்று அறிக்கைகள் சொல்கின்றன. இந்த அறிக்கைகள் பொஸ்டனில் மாதாமாதம் வெளிவந்த மிஷன் பத்திரிகையில் அச்சாகின. காசு அனுப்பியவர்கள் தங்கள் பெயர் வைத்த பிள்ளை எப்படி ஜெபிக்கிறாள் என்று அறிய ஆவலாக வாசித்தார்கள். இந்த இடத்தில்தான் கணக்காய்வாளர் கண் கொஞ்சம் உறுத்துகிறது. அறிக்கை எழுதுபவரும் வேலை செய்பவரும் ஒருவரே, வாசிப்பவர் பணம் தருபவர். இப்படிப்பட்ட அறிக்கையில் தோல்விக்கு எவ்வளவு இடம் இருக்கும்? உடுவில் பிள்ளைகள் தாங்களே சொன்னது நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் மிஷனரியின் ஆங்கிலம் வழியாகத்தான். அந்த அழுகை பாவ உணர்வா, வீட்டு நினைவா, பயமா? எழுதியவர் பாவ உணர்வு என்று எழுதினார்.

ஹரியற் வின்ஸ்லோ 1833 ஜனவரியில் இறந்துபோனார். 36 வயது. அவருடைய தங்கைமார் மூன்று பேரும் மிஷனரிமாரை மணந்து இதே பக்கத்துக்கு வந்தவர்கள். (ஒரு துணுக்கு: ஹரியற்றின் மகள் வழியில் வந்த கொள்ளுப் பேரர்கள்தான் ஐசன்ஹோவர் காலத்து அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் ஜோன் பொஸ்டர் டலசும் சி.ஐ.ஏ. தலைவர் அலன் டலசும். உடுவிலுக்கும் பனிப்போருக்கும் இப்படி ஒரு தொடர்பு!) அவருக்குப் பிறகு லீவை ஸ்போல்டிங்கும் அவர் மனைவியும் பாடசாலையைப் பொறுப்பேற்றார்கள்.

பிறகு வந்தவர்தான் எலைசா அக்னியூ. 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் மிஷனரியாகப் போவேன் என்று தீர்மானித்தவர், பெற்றோர் இறக்கும் வரை அவர்களைப் பார்த்துக்கொண்டு, 32 வயதில் கப்பல் ஏறினார். 1840இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1879 வரை உடுவிலில் கற்பித்தார். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை! விடுமுறை வந்தால் மற்றவர்கள் ஓய்வெடுப்பார்கள், இவர் கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய மாணவியரைப் பார்ப்பார். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் கற்பித்தார், சிலருடைய பேரப்பிள்ளைகளுக்கும் கற்பித்தார். "ஆயிரம் மகள்மாரின் தாய்" என்று அவருக்குப் பெயர். கல்யாணம் செய்யாத ஒரு பெண் மற்றப் பெண்களை மனைவிமாராகத் தயார்படுத்தினார் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கல்யாணமே செய்யாமலும் ஒரு பெண் மரியாதையோடு வாழ முடியும் என்பதை அந்தப் பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்த்தார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்.

இப்போது அவரைப் பற்றிய கணக்கு. அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல், அவர்களில் கிறிஸ்தவராக வெளியேறியவர்கள் அறுநூறுக்கு மேல் என்று மிஷன் நூல்கள் கூறுகின்றன. அதே நூல்களில் இன்னொரு வாக்கியம் உண்டு: முழுப் படிப்பையும் முடித்தவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவராகாமல் போனதில்லையாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீதி நானூறு சொச்சம் பேர் எங்கே? இரண்டு கூற்றும் சரியென்றால் அவர்கள் படிப்பை முடிக்காமலே போயிருக்க வேண்டும். பிள்ளை மனம் மாறுகிறாள் என்று தெரிந்ததும் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மனம் மாறாதவளுக்கு அங்கே கடைசி வரை இருப்பது கஷ்டமாக இருந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் படிப்பை முடிக்கும் வாசல் ஜெப அறைக்குள்ளால்தான் போனது. இதைப் பெருமையாக எழுதி வைத்தவர்கள் அதன் மறுபக்கத்தை யோசிக்கவில்லை. நானூறு பேருடைய "இல்லை"யும் ஒரு பதில்தான். அதற்குப் பதிவேடு கிடையாது.

அதற்காக அந்த அறுநூறு பேரையும் ஏமாந்தவர்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. அவர்களில் பலர் ஊர்ப் பாடசாலைகளில் ஆசிரியைகளானார்கள், வேதாகமப் பெண்களாக வீடு வீடாகப் போனார்கள். இலவசச் சோற்றுக்காகச் சொன்ன "ஆம்" என்றால் சோறு நின்ற பிறகு அது நிலைத்திருக்காது. தங்கள் பெண் பிள்ளைகளை அதே விடுதிக்கு, பிற்காலத்தில் காசு கட்டி, அனுப்பியிருக்கவும் மாட்டார்கள்.

1855இல் ஒரு பெரிய அடி விழுந்தது. பொஸ்டனிலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழு, பாடசாலைகளுக்கு இவ்வளவு செலவழிப்பது மிஷன் வேலையல்ல, ஆங்கிலம் படித்தவன் உத்தியோகத்துக்குத்தான் போகிறான் என்று முடிவு செய்தது. வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலம் ஒதுக்கப்பட்டது. ஆனால் பாடசாலையை மூடவில்லை. ஆண்களுக்கு ஆங்கிலம்தான் பாடசாலையின் உயிராக இருந்தது, அது போனதும் எல்லாம் போயிற்று. பெண்களுக்கு அரசாங்க உத்தியோகமே கிடையாது, ஆகவே ஆங்கிலம் போனாலும் தமிழ்ப் படிப்பும் ஜெபமும் மிஞ்சின. துணைத் தொழிற்சாலை என்று தொடங்கியது, பிரதான தொழிற்சாலை பூட்டிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது! (வட்டுக்கோட்டையில் 1872இல்தான் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.) அக்னியூ 1883இல் மானிப்பாயில் இறந்தார்.

சைவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார், ஆனால் அது ஆண் பிள்ளைகளுக்கு. பெண்களுக்கு ஒரு பெரிய சைவ விடுதிப் பாடசாலை வர 1913 ஆயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் அதை நிறுவினார். உடுவிலிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். இடத்தைத் தெரிந்தேதான் தேர்ந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். அங்கேயும் விடுதி, அங்கேயும் காலை மாலை கூட்டு வழிபாடு, அங்கேயும் சமய பாடம். தேவாரம் வீட்டில் தானாக வந்து சேரும் என்று அதுவரை நம்பியிருந்தவர்கள், இப்போது அதைப் பெண் பிள்ளைகளுக்கு மணி அடித்துக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1947இல் அமெரிக்க மிஷன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயின, உடுவிலும் அதன் கீழ் வந்தது. 1960ஆம் ஆண்டில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, கையளிப்பதா தனியாக நிற்பதா என்று பெரிய பாடசாலைகள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தனியாக நின்றால் அரசாங்கப் பணம் இல்லை, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்க முடியாது. கணக்குப் பார்த்தால் கையளிப்பதுதான் புத்தி. உடுவில் தனியாக நின்றது. கையளித்திருந்தால் பாடசாலை இருந்திருக்கும், தையலும் கணக்கும் இருந்திருக்கும். காலை ஜெபத்தை எப்படி நடத்துவது என்பதை மட்டும் வேறு யாரோ தீர்மானித்திருப்பார்கள்.